தூக்கி எறியும் பேட்டரிக்கு எத்தனை ரூபாய்? செல்போன் அடாப்டரில் ஒரு சிக்கன வழி!

மாதம் பிறந்து சம்பளம் கைக்கு வந்ததும் ஊருக்குப் பணம் அனுப்பியாகிறது. ரூம் வாடகை, மெஸ் பாக்கி, ரயில் பாஸ் எல்லாம் கட்டியாகிறது. மிச்சத்தை எண்ணிப் பார்த்தால், எங்கே போயிற்று என்றே தெரியாமல் ஒரு தொகை குறைந்திருக்கும்.

அந்தத் தொகையில் ஒரு பங்கு பேட்டரிக்குப் போகிறது. ராத்திரி ஷிப்ட் டார்ச் லைட், பாட்டு கேட்கும் ரேடியோ, பிள்ளையின் பொம்மைக் கார், பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. இவை எல்லாவற்றுக்கும் பேட்டரிக் கட்டை வேண்டும். தீர்ந்ததும் தூக்கி எறிகிறோம். மறுபடியும் கடைக்கு ஓடுகிறோம்.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரியும், அதற்கு மின்சாரம் ஏற்றும் சிறிய யு.எஸ்.பி. சார்ஜரும்தான் அந்த வழி. செல்போனுக்குப் போடும் அதே அடாப்டரில், அதே வயரில் இந்தச் சார்ஜர் வேலை செய்கிறது. தனியாக ஒரு பிளக் தேவை இல்லை. ஒரே பிளக்கை ஐந்து பேர் பங்கு போட்டுக்கொள்ளும் தாராவி ரூம்களிலும், சயான் கோலிவாடா வீடுகளிலும் இது பெரிய வசதி.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் காசும் நஷ்டம், பேட்டரியும் நஷ்டம். சில நேரங்களில் ஆபத்தும் உண்டு. வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் வருமாறு:-

எது ஏறும்? எது ஏறாது?

கடையில் விற்கும் சாதாரண பேட்டரிகள் ஒரு தடவைக்கு உரியவை. துத்தநாகக் கார்பன் பேட்டரியானாலும் சரி, விலை கூடிய ஆல்கலைன் பேட்டரியானாலும் சரி, அவற்றைச் சார்ஜரில் போடவே கூடாது. போட்டால் உள்ளே வாயு உண்டாகும். பேட்டரி உப்பும், ஒழுகும், வெடிக்கவும் கூடும்.

சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரியின் மேலே "ரீசார்ஜபிள்" என்று அச்சிட்டிருக்கும். கூடவே "என்.ஐ.எம்.எச்." என்ற எழுத்துக்களும், 1.2 வோல்ட் என்ற அளவும் இருக்கும். அந்த எழுத்துக்கள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்பதன் சுருக்கம். இந்த இரண்டும் இருந்தால்தான் சார்ஜருக்குள் போக வேண்டும்.

சாதாரண பேட்டரி 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட்தானே, டார்ச் எரியுமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலான கருவிகள் தாராளமாக வேலை செய்யும். சாதாரண பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கினாலும், பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போகும். பாதி தீர்வதற்குள் அதுவும் 1.2 வோல்ட் பக்கம் வந்துவிடும். ரீசார்ஜபிள் பேட்டரியோ கடைசி வரை ஏறக்குறைய 1.2 வோல்ட்டிலேயே நிற்கும். பிறகு சட்டென்று விழும்.

ஆனால் ரத்த அழுத்தக் கருவி விஷயத்தில் கவனம் வேண்டும். எந்த பேட்டரி போடலாம் என்று அந்தக் கருவியோடு வரும் குறிப்புத் தாளில் எழுதியிருக்கும். அதைப் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். உடம்பு சம்பந்தப்பட்ட கணக்கில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இந்த பேட்டரி வந்த கதை

சார்ஜ் ஏற்றும் பேட்டரி நேற்று வந்தது அல்ல. சுவீடன் நாட்டைச் சேர்ந்த வால்டமார் யுங்னர் 1899-ம் ஆண்டிலேயே நிக்கல் காட்மியம் பேட்டரியைக் கண்டுபிடித்தார். காட்மியம் நச்சு உலோகம். அதற்கு மாற்றாக வந்ததுதான் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு.

தொடக்கத்தில் வந்தவற்றில் ஒரு குறை இருந்தது. சார்ஜ் ஏற்றிச் சும்மா வைத்திருந்தாலே, சில வாரங்களில் சரக்கு இறங்கிவிடும். 2005-ம் ஆண்டில் ஜப்பானின் சான்யோ நிறுவனம் "எனலூப்" என்ற பெயரில் ஒரு பேட்டரியைக் கொண்டுவந்தது. ஒரு வருடம் சும்மா கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும் என்பதே அதன் சிறப்பு. இப்போது பல நிறுவனங்கள் அந்த வகையை விற்கின்றன. "ரெடி டு யூஸ்" என்றோ "ப்ரீ சார்ஜ்டு" என்றோ அட்டையில் போட்டிருந்தால் அது பெரும்பாலும் இந்த வகைதான். இதையே கேட்டு வாங்குவது நல்லது.

மும்பைவாசிகளுக்கு இதன் அருமை புரியும். 2005 ஜூலை 26-ந் தேதி பெருமழையில் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. நகரின் பல பகுதிகள் இருளில் கிடந்தன. 2020 அக்டோபர் 12-ந் தேதி காலையில் மின்சாரம் போய், ஓடிக்கொண்டிருந்த மின்சார ரயில்கள் நடுவழியில் நின்றன. இப்படிப்பட்ட நேரத்தில் அலமாரியில் இருக்கும் டார்ச்சை எடுத்து அமுக்கினால் எரிய வேண்டும். சார்ஜ் இறங்கிப்போன பேட்டரி அந்த நேரத்தில் வெறும் கட்டைதான்.

மூன்று எண்கள்

இந்தச் சார்ஜரைச் சரியாகப் பயன்படுத்த மூன்று எண்கள் தெரிந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் படித்த வகுத்தலும் பெருக்கலும் தெரிந்தவர்கள் யாரும் கணக்குப் போடலாம்.

முதல் எண், பேட்டரியின் கொள்ளளவு. 2000 எம்.ஏ.எச்., 800 எம்.ஏ.எச். என்று பேட்டரியின் மேல் இருக்கும். தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது போன்றது இது.

இரண்டாவது எண், சார்ஜர் தரும் மின்சாரம். 250 எம்.ஏ., 500 எம்.ஏ. என்று சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். இது குழாயில் வரும் தண்ணீரின் வேகம் போன்றது.

மூன்றாவது எண், நேரம். கொள்ளளவைச் சார்ஜரின் எண்ணால் வகுத்து, வரும் விடையை 1.4-ஆல் பெருக்க வேண்டும். ஏற்றும் மின்சாரத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாவதால்தான் இந்த 1.4.

எடுத்துக்காட்டாக 2000 எம்.ஏ.எச். பேட்டரியை 250 எம்.ஏ. சார்ஜரில் போட்டால், 2000-ஐ 250-ஆல் வகுக்க 8. அதை 1.4-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 11 மணி நேரம்.

இதே சார்ஜரில் ரிமோட்டில் போடும் ஒல்லி பேட்டரியைப் போடுவதாக வைத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 800 எம்.ஏ.எச். கணக்குப்படி நான்கரை மணி நேரம் போதும். இரண்டையும் ஒன்றாக மாட்டிவிட்டு 11 மணி நேரம் விட்டால் என்ன ஆகும்? நிரம்பிய தொட்டியில் மேலும் தண்ணீர் விட்ட கதைதான். ஆனால் இங்கே வழிவது தண்ணீர் அல்ல, சூடு. அந்தச் சூடு பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும்.

பச்சை விளக்கை நம்பலாமா?

சந்தையில் இரண்டு வகைச் சார்ஜர்கள் இருக்கின்றன.

முதல் வகை, பேட்டரி நிரம்பியதைத் தானே அறிந்து நிறுத்திக்கொள்ளும். பேட்டரி நிரம்பும் நேரத்தில் அதன் வோல்ட் ஒரு சிறு அளவு இறங்கும், சூடும் ஏறும். அதைக் கவனித்து மின்சாரத்தை நிறுத்தும் கருவி உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு விளக்கு வீதம் தனித்தனியாக எரிந்தால், அந்தச் சார்ஜர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். "ஆட்டோ கட் ஆப்" உண்டா என்று கடைக்காரரிடம் கேட்பதோடு, அட்டையிலும் அது எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது வகை மலிவானது. அதற்கு எதுவும் தெரியாது. மின்சாரம் வருகிற வரை ஏற்றிக்கொண்டே இருக்கும். சிலவற்றில் குறிப்பிட்ட மணி நேரம் ஆனதும் பச்சை விளக்கு வரும். பேட்டரி நிரம்பியதால் வரும் விளக்கு அல்ல அது. நேரம் முடிந்ததால் வரும் விளக்கு. அரைகுறையாகத் தீர்ந்த பேட்டரியை இதில் போட்டால், அளவுக்கு மேல் ஏறிவிடும்.

மலிவுச் சார்ஜரை வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியது இல்லை. தீர்ந்த பேட்டரியை மட்டும் அதில் போட வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி நேரம் பார்த்து, செல்போனில் அலாரம் வைத்துக் கழற்றிவிட வேண்டும். சார்ஜ் ஏறும்போது பேட்டரி இளஞ்சூடாக இருப்பது இயல்பு. கையில் பிடிக்க முடியாதபடி சுட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

ஜோடியைப் பிரிக்காதீர்கள்

மலிவுச் சார்ஜர்களில் பல, இரண்டு இரண்டு பேட்டரியாகச் சேர்த்தே ஏற்றும். ஒன்றை மட்டும் போட்டால் ஏறாது. ஜோடியில் ஒன்று பழையது, ஒன்று புதியது என்றால் இரண்டும் கெடும். ஒன்று நிரம்பிய பிறகும் மற்றதற்காக மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே ஒரே நாளில் வாங்கிய, ஒரே கம்பெனி, ஒரே கொள்ளளவு உள்ள பேட்டரிகளை ஜோடியாகவே வைத்திருக்க வேண்டும். மார்க்கர் பேனாவால் முதல் ஜோடிக்கு 1, 1 என்றும், அடுத்த ஜோடிக்கு 2, 2 என்றும் எழுதிவிடலாம். வாங்கிய மாதத்தையும் பக்கத்தில் எழுதலாம். பலர் சேர்ந்து தங்கும் ரூமில் "இது யாருடைய பேட்டரி?" என்ற சண்டையும் வராது.

நான்கு பேட்டரி வாங்கினால் இரண்டு வேலையில் இருக்கட்டும். இரண்டு ஓய்வில் இருக்கட்டும். மில் ஷிப்ட் போல மாற்றி மாற்றிப் போட்டால் டார்ச் ஒருபோதும் இருட்டில் கைவிடாது. வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும். உயிர் போகும் வரை எரியவிட்டால் ஜோடியில் பலவீனமானது நிரந்தரமாகக் கெட்டுப்போகும்.

எந்த அடாப்டர்?

யு.எஸ்.பி. என்ற இணைப்பு முறை 1996-ல் கம்ப்யூட்டருக்காக வந்தது. அதில் வருவது 5 வோல்ட். பழைய போனின் அடாப்டரில் "5 வோல்ட், 1 ஆம்பியர்" என்று இருந்தாலே நான்கு பேட்டரி ஏற்றும் சாதாரணச் சார்ஜருக்குப் போதும். இப்போது வரும் வேகச் சார்ஜ் அடாப்டர்களிலும் மாட்டலாம். போன் கேட்டால்தான் அவை வோல்ட்டைக் கூட்டும். கேட்காத கருவிக்கு 5 வோல்ட்டே தரும்.

இரண்டு பக்கமும் சி முனை உள்ள வயரைப் போட்டால் சில மலிவுச் சார்ஜர்கள் விழிப்பதே இல்லை. சார்ஜர் கெட்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பக்கம் பழைய பட்டை முனை உள்ள வயரை மாட்டிப் பார்த்தால் ஏறும்.

பவர் பாங்கில் மாட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இழுக்கும் மின்சாரம் குறைவாக இருந்தால், போன் நிரம்பிவிட்டது என்று எண்ணிச் சில பவர் பாங்குகள் தானாக நின்றுவிடும். ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். திரை அணைந்து கம்ப்யூட்டர் உறங்கினால் பேட்டரிக்கும் மின்சாரம் நிற்கலாம். பழைய கம்ப்யூட்டரின் ஓட்டையில் வருவது 500 எம்.ஏ. மட்டுமே என்பதால் நேரமும் கூடும்.

வாங்கும் அடாப்டரில் பி.ஐ.எஸ். முத்திரையும், "ஆர்" என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். பிளாட்பாரத்தில் கூவி விற்கும் அடாப்டரில் 20 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், ரூமையே பணயம் வைக்கக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உண்மையிலேயே லாபம் உண்டா? எந்தக் கருவி என்பதைப் பொறுத்தது அது.

ஒரு ஜோடி சாதாரண பேட்டரி 30 ரூபாய் என்றும், சார்ஜரும் நான்கு ரீசார்ஜபிள் பேட்டரியும் சேர்ந்து 1,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே மாற்றிக் கணக்கிடலாம்.

ராத்திரி வேலைக்காரர் ஒருவரின் டார்ச், இரண்டு வாரத்துக்கு ஒரு ஜோடி தின்கிறது என்றால் வருடத்துக்கு 26 ஜோடி, 780 ரூபாய். போட்ட முதல் ஏறக்குறைய 15 மாதத்தில் திரும்பிவிடும். ரேடியோவோ பொம்மையோ அதே அளவு தின்றால், எட்டு மாதத்திலேயே முதல் வந்துவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். ஒழுங்காகப் பயன்படுத்தினால் இந்த பேட்டரிகள் நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் தாங்கும்.

டி.வி. ரிமோட்டும் சுவர்க் கடிகாரமும் அப்படி அல்ல. வருடத்துக்கு ஒரு ஜோடியே போதும். அதற்காக 1,000 ரூபாய் போட்டால் முதல் திரும்ப 33 வருடம் ஆகும்! அவற்றுக்குச் சாதாரண பேட்டரியே சிக்கனம்.

கரண்ட் பில் ஏறுமே என்ற பயம் வேண்டாம். வீணாவதைத் தாராளமாகச் சேர்த்தாலும், ஒரு யூனிட் மின்சாரத்தில் நான்கு பேட்டரிகளைப் பத்து தடவைக்கு மேல் ஏற்றலாம். சப்-மீட்டர் கணக்குப் பார்க்கும் வீட்டுக்காரர் முகம் சுளிக்கக் காரணம் இல்லை.

பொய் எண்கள்

பேட்டரி வாங்க லாமிங்டன் ரோடு, மனிஷ் மார்க்கெட் என்று போகிறவர்கள் அட்டையில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. டபுள் ஏ என்னும் பென்சில் பேட்டரியில் நிக்கல் வகைக்கு ஏறக்குறைய 2800 எம்.ஏ.எச். வரைதான் இருக்க முடியும். 4000, 5000 என்று போட்டிருந்தால் அது பொய். டிரிபிள் ஏ என்னும் ஒல்லி பேட்டரியில் 1200-க்கு மேல் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம்.

அதே உருவத்தில் லித்தியம் பேட்டரியும் வருகிறது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று 1.5 வோல்ட் தரும். சிலவற்றில் பேட்டரியின் உடம்பிலேயே வயர் மாட்டும் ஓட்டை இருக்கும். அதை அதற்குரிய வயரிலோ சார்ஜரிலோ ஏற்ற வேண்டும்; நிக்கல் சார்ஜரில் போடக் கூடாது. இன்னொன்று 3.7 வோல்ட். அதை ரேடியோவில் போட்டால் ரேடியோ கருகிவிடும். நிக்கல் சார்ஜரில் போட்டால் அதைவிட ஆபத்து. கடையில் எடுத்ததும் முதலில் வோல்ட்டைப் படிப்பதே இதற்குப் பாதுகாப்பு.

பெரிய டார்ச்சில் போடும் தடித்த கட்டைகள் இந்தச் சிறிய சார்ஜர்களில் நுழையாது. அதையும் வாங்கும் முன் யோசிக்க வேண்டும்.

தூங்கும்போது வேண்டாம்

ரயில் பெட்டிகளில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜ் பிளக்குகளுக்கு மின்சாரத்தை நிறுத்தி வைக்கும் நடவடிக்கையை மேற்கு ரயில்வே 2021 மார்ச்சில் தொடங்கியது. எல்லோரும் உறங்கும் நேரத்தில் தீப்பிடித்தால் என்ன ஆவது என்ற எச்சரிக்கைதான் காரணம். ரயிலுக்குப் பொருந்தும் நியாயம், பத்துக்குப் பத்து ரூமுக்கும் பொருந்தும்.

ஒருவர் விழித்திருக்கும் நேரத்தில்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஷிப்ட் முறையில் ஆள் மாறி மாறி இருக்கும் ரூம்களில் இது சுலபம். தலையணை மேலோ, பாய் மேலோ, துணிக் குவியலுக்கு அடியிலோ சார்ஜரை வைக்கக் கூடாது. தரையிலோ பீங்கான் தட்டிலோ, காற்றுப் படும்படி வைக்கலாம். மழைக்காலத்தில் ஜன்னல் ஓரம் ஆகாது. ஈரம் பட்டால் முனைகள் துருப்பிடிக்கும்.

சார்ஜ் ஏற்றிய பேட்டரியைச் சில்லறையோடும் சாவியோடும் சட்டைப் பையில் போடாதீர்கள். இரண்டு முனையும் சாவியில் பட்டால் பேட்டரி கொதிக்கும். ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பா போதும்.

ஆயுள் முடிந்த பிறகு

எந்த பேட்டரியும் ஒரு நாள் சாகும். அப்போது அதைக் குப்பைத் தொட்டியிலோ நெருப்பிலோ போடக் கூடாது. மத்திய அரசு 2022 ஆகஸ்டில் பேட்டரிக் கழிவு விதிகளைக் கொண்டுவந்தது. கார் பேட்டரி மட்டுமல்ல, பென்சில் பேட்டரியும் அதில் அடங்கும். பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. பேட்டரியின் மேல் சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியைக் குறுக்கே அடித்த படம் இருப்பது, குப்பையில் போடாதே என்பதற்காகத்தான்.

தாராவியில் குப்பையைப் பிரித்துப் பிழைக்கும் கைகள் ஏராளம். அவற்றில் தமிழர்களின் கைகளும் உண்டு. நாம் எறிகிற கட்டையை வெறும் கையால் உடைப்பவர் நம் தெருக்காரராகவே இருக்கலாம். தீர்ந்த பேட்டரிகளின் முனையில் டேப் ஒட்டி, ஒரு டப்பாவில் சேர்த்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைப்பது நல்லது.

சார்ஜர் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள், வீட்டில் எந்தக் கருவி மாதம் எத்தனை பேட்டரி தின்கிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தாளில் டார்ச்சும் ரேடியோவும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ரிமோட்டும் கடிகாரமும் மட்டுமே இருந்தால், அந்த ஆயிரம் ரூபாயை ஊருக்கு அனுப்பிவிடலாம்!